மாடு வாங்க முதல் புல்லுக்குக் கணக்குப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து 38 வயதுச் சகோதரி ஒருவர் மாட்டு வைத்தியனான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்குச் சீதனமாக வந்த ஆறு பரப்புக் காணி (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்). அதில் வீடும் முற்றமும் இரண்டு பரப்பு, கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், பச்சைமிளகாய், பசளி, வாழை என்று வீட்டுத்தோட்டம் இரண்டு பரப்பு, மிச்சம் இரண்டு பரப்பு கோடிப்புறத்தில் வெறுமனே கிடக்கிறது. நல்ல தண்ணிக் கிணறு ஒன்று உண்டு. ஜேர்சிக் கலப்பு மாடுகள் இரண்டு. ஒன்று கன்று போட்டு இரண்டு மாதம், ஆறு லீற்றர் கறக்கிறது. மற்றது கன்று போட்டுப் பதினொரு மாதமாகிறது, மூன்று முறை செயற்கைச் சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை, பால் மூன்று லீற்றருக்கு இறங்கிவிட்டது. பதினான்கு மாத நாகு (இன்னும் கன்று போடாத இளம் பசு) ஒன்றும் பால்குடிக் கன்று ஒன்றும் நிற்கின்றன. நான்கு லீற்றர் அயலுக்குப் போத்தலில் போகிறது, மிச்சம் பால் சங்கத்துக்கு. கணவர் மேசன் வேலை. வேலை இல்லாத நாளில் அவர்தான் புல்லு வெட்டி வருகிறார்.

கனடாவில் இருக்கும் தம்பி ஐந்து இலட்சம் அனுப்புகிறேன் என்கிறாராம். காணியை ஈடு வைத்து வங்கியில் பத்து இலட்சம் எடுத்தால், நுவரெலியாப் பக்கமிருந்து நாளுக்கு இருபது லீற்றர் கறக்கும் பிரீசியன் மாடு நான்கு கொண்டுவந்து தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். சினை பிடிக்காத மாட்டை இறைச்சிக்குக் கொடுத்துவிடு, தோட்டத்தை அழித்துப் புல்லு நடு என்பதும் அவருடைய யோசனைதான். இதற்கிடையில் பக்கத்து வீட்டார் மணக்கிறது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லப்போவதாக வெருட்டுகிறார்கள். பால் சங்கம் கொழுப்புக் குறைவென்று காசைக் குறைக்கிறது, ஏமாற்றுகிறார்களோ என்றும் இவருக்குச் சந்தேகம். "நான் என்ன செய்யட்டும் டொக்டர்?" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காலை நாலு மணிக்கு எழும்பி இரண்டு மாட்டையும் ஒரு தோட்டத்தையும் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, பாலுக்கு வந்த காசையும் புண்ணாக்குக்குப் போன காசையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதுதான் உங்கள் பெரிய பலம். இந்தக் கணக்கை எழுதாமல் கடன் எடுத்துவிட்டு வந்து நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பெருகலாம், கட்டாயம் பெருகலாம். ஆனால் தரகர் சொல்லும் வழியில் வேண்டாம். ஏனென்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

புல்லுக் கணக்கு

350 கிலோ நிறையுள்ள கறவை மாட்டுக்குப் பச்சைத் தீனியே பிரதானம் என்றால் நாளொன்றுக்கு 30, 35 கிலோ வேண்டும். உங்கள் இரண்டு மாட்டுக்கும் நாகுக்குமாகச் சேர்த்து 80 கிலோவுக்குக் குறையாது. கோ-3 புல்லை நட்டு, எருவும் தண்ணீரும் குறையாமல் கொடுத்தால் நம்முடைய செம்மண்ணில் ஒரு பரப்பு நாளொன்றுக்கு 12 முதல் 15 கிலோ வரை தரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் உங்கள் கோடிப்புறத்து இரண்டு பரப்பு முழுவதும் நட்டாலும் 25, 30 கிலோதான், அதாவது ஒரு மாட்டுக்கே மட்டுமட்டு. தோட்டத்தையும் அழித்து நட்டால் இன்னொரு மாட்டுக்குக்கூட முழுதாகக் காணாது. இதில் ஆறு மாட்டை எங்கே வைத்து, எதைப் போட்டு வளர்க்கப் போகிறீர்கள்? ஆறு மாட்டுக்கும் நாகுக்குமாக ஓர் ஏக்கருக்குக் கிட்டப் புல்லு வேண்டும்!

கணவர் ஒழுங்கையிலும் கோயில் காணியிலும் வெட்டி வருவதால் இப்போது சமாளிக்கிறீர்கள். மார்கழியில் வயல் வரம்பெல்லாம் பச்சையாய் இருக்கும்போது இது பெரிய விஷயமில்லை. யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும், அதன்பிறகு சித்திரை வைகாசியில் அதே ஒழுங்கையில் தும்பைச் செடிகூட நிற்காது. அந்த மாதங்களில் ஆறு மாட்டுக்கு வைக்கலும் புண்ணாக்கும் காசு கொடுத்து வாங்கினால் பால் காசு முழுக்கக் கடைக்காரருக்குத்தான் போகும். உங்கள் கொப்பியிலேயே பாருங்கள், போன வைகாசியில் தீனிச் செலவு பால் வருமானத்தில் முக்கால்வாசியைத் தின்றிருக்கிறது. அது இரண்டு மாட்டோடு!

அதனால் முதல் வேலை புல்லு. கோடிப்புறத்து இரண்டு பரப்பையும் நாலு பாத்தியாகப் பிரித்து, மாரி தொடங்கும் நேரத்தில் இரண்டு கணுவுள்ள துண்டுகளாக நடுங்கள். முதல் வெட்டுக்கு இரண்டரை மாதம் பொறுங்கள், அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை வெட்டலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல் பாத்தி பாத்தியாக வெட்டினால் தினமும் இளம்புல்லு கிடைக்கும். முற்றவிட்டால் மாடு தண்டை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் தின்னும், வெட்டின பாதி காலடியில் கிடக்கும். நறுக்கிப் போட்டால் வீண் போவது குறையும்.

அடுத்தது வேலி. ஆறு பரப்புக் காணியைச் சுற்றி நூற்றைம்பது மீற்றர் வேலி இருக்குமே, அதில் இப்போது பாதிக்குத் தகரமும் பாதிக்குப் பட்டுப்போன கதியாலும் (வேலியாக நடும் மரக்கம்பு) என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடம் முழுவதும் கிளிசரியாக் கதியால் போடுங்கள், இடையிடையே பூவரசும் முள்முருக்கும். கிளிசரியாக் குழையில் புரதம் நிறைய, புண்ணாக்குச் செலவில் ஒரு பங்கை அது இறக்கும். புதிதாகப் போடும்போது மாடு மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும். காலையில் வெட்டி நிழலில் வாடவிட்டுப் பின்னேரம் புல்லோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் சரிவரும். பச்சைத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைப் போட வேண்டாம். கோடைக்கு நம்முடைய ஆட்கள் காலங்காலமாகச் செய்தது பனையோலை கிழித்துப் போடுவது. பாலைக் கூட்டாது, ஆனாலும் வயிற்றை நிரப்பும், அதை இன்றைக்கும் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

தோட்டத்தை அழிக்காதீர்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் மனவருத்தமாக இருந்தது இந்த இடந்தான். இரண்டு பரப்புத் தோட்டம் வீட்டுக் கறியைக் கவனித்து, சந்தைக்கும் கொஞ்சம் போய், மாடு பால் வற்றி நிற்கும் மாதங்களில் கையில் காசு தருகிறது. அதை அழித்து, ஒரு மாட்டுக்குக்கூட முழுதாகக் காணாத தீனியைப் பெறுவதில் என்ன இலாபம்? 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது எங்கள் தோட்டக்காரர்கள் ஒரு லோட் எருவுக்கு எப்படி அலைந்தார்கள் என்பது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், மாடு வைத்திருந்த வீட்டுத் தோட்டங்கள் அப்போதும் நின்று பிடித்தன. தோட்டத்துக் கழிவு மாட்டுக்கு, மாட்டு எரு தோட்டத்துக்கு என்று இப்போது ஓடிக்கொண்டிருப்பதை உடைக்க வேண்டாம்.

ஆனால் மூன்று கவனம் வேண்டும். மருந்தடித்த கத்தரியையும் மிளகாயையும் பிடுங்கியவுடன் மாட்டுக்குப் போடக்கூடாது, அது பாலில் வந்து உங்கள் பிள்ளையின் கோப்பைக்குத்தான் போகும். பச்சை மரவள்ளி இலையை அள்ளிப் போடுவதும் ஆபத்து, வயிற்றில் நஞ்சாகி மாடு விழுந்துவிடலாம். ஒழுங்கைப் புல்லோடு பார்த்தீனியம் கலந்து வராமலும் பாருங்கள், பால் கசக்கிறது என்று அயலவர் ஒருமுறை சொன்னதாக எழுதினீர்களே, அதற்குக் காரணம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

சினை பிடிக்காத மாடு

இறைச்சிக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள். மூன்று ஊசி பிழைத்ததற்கு மாடு மலடு என்று அர்த்தமில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, நேரம். "காலையில் கத்தத் தொடங்கியது, அடுத்தநாள் மத்தியானந்தான் ஊசி போட ஆள் வந்தார்" என்கிறீர்கள். மாடு சினைக்குக் காலையில் கத்தினால் அன்று பின்னேரம், பின்னேரம் கத்தினால் அடுத்தநாள் காலை, இதுதான் கணக்கு. ஒருநாள் முழுதும் தாண்டினால் ஊசி வீண். 21 நாளுக்கு ஒருமுறைதான் அந்தச் சந்தர்ப்பம் வரும், ஒவ்வொன்றைத் தவறவிடும்போதும் மூன்று கிழமைத் தீனி சும்மா போகிறது. கலண்டரில் குறித்து வைத்து, பத்தொன்பதாம் நாளிலிருந்து விடியப்புறமும் இரவு படுக்க முன்னும் கொட்டிலுக்குப் போய்ப் பாருங்கள். சில மாடு கத்தவே கத்தாது. பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடிபோல் நூல்நூலாக வழியும் கசிவு, வாலடியில் ஒட்டிக் காய்ந்த தடம், மற்ற மாட்டின்மேல் ஏறப் பார்ப்பது, இவைதான் அடையாளம். கசிவு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மணத்தோடு வந்தால் கருப்பையில் புண் இருக்கிறது, அதற்கு மருந்து கொடுக்காமல் எத்தனை ஊசி போட்டும் பயனில்லை.

மற்றக் காரணம் மெலிவு. அனுப்பிய படத்தில் விலா எலும்பு தூரத்திலிருந்தே எண்ணக்கூடியதாக இருக்கிறது. மெலிந்த மாடு முதலில் தன் உடம்பைக் காப்பாற்றப் பார்க்கும், சினையெல்லாம் அதற்குப் பிறகு. தினமும் கனியுப்புக் கலவை கொடுங்கள். தவிடு, புண்ணாக்கு, உளுந்துக்கோது கலவையை உடம்புக்கென்று ஒன்று ஒன்றரைக் கிலோவும், அதற்குமேல் ஒவ்வொரு மூன்று லீற்றர் பாலுக்கும் ஒரு கிலோவுமாக அளந்து வையுங்கள். தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்கட்டும், கறவை மாடு வெயில் நாளில் 60 லீற்றருக்கு மேலும் குடிக்கும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்லி இந்த மாட்டை உள்ளே கைவிட்டுப் பரிசோதிக்கச் செய்யுங்கள். கடைசி ஊசி போட்டு இப்போது மூன்று மாதம் ஆகப்போகிறது என்றால் ஒருவேளை சினையாகவே இருக்கலாம், பரிசோதிக்காமல் வெட்டக் கொடுத்துவிட்டுப் பிறகு அழுது பயனில்லை.

கொழுப்புக் குறைவு, பிரீசியன், கடன்

பால் சங்கம் ஏமாற்றுகிறது என்று நினைக்கிறீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் முன்னால் அளக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "கறந்து முடியும் தறுவாயில் மிச்சத்தைக் கன்றுக்கு விட்டுவிடுவேன்" என்று. மடியில் முதலில் வரும் பால் நீர்த்தது, கடைசியில் ஒட்டக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. அந்த நல்ல பாலைக் கன்று குடித்துவிடுகிறது, முன்பால் சங்கத்துக்குப் போகிறது! கன்றை முதலில் இரண்டு நிமிடம் ஊட்டவிட்டுப் பால் சுரந்ததும் பிடித்துக் கட்டி, ஒட்டக் கறந்து, கன்றுக்குரியதை அளந்து வாளியில் வையுங்கள். கன்றின் நிறையில் பத்தில் ஒரு பங்கு பால் நாளொன்றுக்கு, காலையும் பின்னேரமுமாக. கன்றைக் காயவிட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். அடுத்த முறை கன்று போட்டவுடன் கடும்புப்பாலை முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் கன்றுக்குக் குடிக்கக் கொடுத்துவிடுங்கள், அதன்பிறகுதான் வீட்டுக்கும் அயலுக்கும்.

இருபது லீற்றர் பிரீசியன் பற்றி. நுவரெலியாக் குளிரில் அந்த மாடு இருபது லீற்றர் கறக்கும் என்பது பொய்யில்லை. இங்கே சித்திரை வெயிலில் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நிற்கும், தீனி எடுக்காது, பால் பாதியாகும், சினையும் பிடிக்காது. அதைவிட உண்ணிக் காய்ச்சல் பெரிய பயம். மலைநாட்டில் உண்ணித் தொல்லை தெரியாமல் வளர்ந்த மாட்டை இங்கே கொண்டுவந்து கட்டினால் சில கிழமையில் காய்ச்சலும் சிவப்பாக மூத்திரமும் வந்து, நல்ல மாடே இரண்டு மூன்று நாளில் போய்விடும். நம்முடைய இடத்துக்கு ஜேர்சியும் சாகிவாலும் கலந்தது போதும், எட்டுப் பத்து லீற்றர் கறந்து வருஷத்துக்கொரு கன்று போடும் மாடு உங்களுக்கு இருபது லீற்றர் மாட்டைவிடக் காசு தரும்.

கடனுக்கு வருகிறேன். ஒரே மாதத்தில் கன்றீன்ற நான்கு மாட்டை வாங்கினால் நான்கும் ஒரே காலத்தில் பால் வற்றும். அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதமாவது கறக்காமல் விடத்தான் வேண்டும், சினை பிந்தினால் அந்த வறட்சி இன்னும் நீளும். தவணை அதற்காகப் பொறுத்திருக்காது. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம் மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள், அந்தக் கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"காணி என் பேரில்தானே, நான் தனியே கையெழுத்து வைக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழையான எண்ணம். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான் மாட்டு வைத்தியன், இதற்குமேல் ஒரு நொத்தாரிசிடம் கேளுங்கள். கணவருக்குத் தெரியாமல் செய்யும் யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள், புல்லு வெட்டி வருகிறவரே அவர்தானே.

தம்பியின் ஐந்து இலட்சத்தை அவருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கேளுங்கள்: மாட்டுக்கு இல்லை, கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை, மூத்திர வாய்க்கால், எருக்குழி, தண்ணித் தொட்டி, புல்லுக்குப் பம்பும் குழாயும், முடிந்தால் புல்லு நறுக்கும் இயந்திரம். கொட்டிலுக்கு வாடைக்காற்றுப் பக்கம் மறைப்பும் வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் விறைத்துச் செத்தன, பெரும்பாலும் வெட்டவெளியில் நனைந்து நின்றவையும் வயிறு காய்ந்தவையும்.

மூன்றாவது மாடு உங்கள் கொட்டிலிலேயே நிற்கிறது. பதினான்கு மாத நாகுவை நன்றாக வளர்த்தால் இன்னும் சில மாதத்தில், 200, 220 கிலோ வந்ததும் ஊசி போடலாம், சினை 280 நாள். காசு கொடுக்காமல், நோய் தெரியாத மாட்டை வீட்டுக்குள் கொண்டுவராமல் ஒரு கறவை கூடும். அதற்குப் பிறகும் புல்லு மிஞ்சினால் ஒன்று வாங்குங்கள், பக்கத்து ஊரில். வாங்கப் போனால் முதல்நாள் பின்னேரமும் மறுநாள் காலையும் நீங்களே இருந்து கறந்து பாருங்கள், ஒருநேரம் கறக்காமல் விட்டு மடியை வீங்கவைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் பீச்சினால் திரி திரியாக நிற்கிறதா என்று தெரியும், நின்றால் மடியழற்சி. மாட்டு உரிமைச் சீட்டும் காதிலக்கமும் இல்லாததைத் தொடவே வேண்டாம், களவு மாடாக இருந்தால் பொலிஸில் நிற்கப்போவது நீங்கள். கொண்டுவந்ததும் மூன்று கிழமை தள்ளிக் கட்டுங்கள். கால்-வாய் நோய்க்கும், 2020இல் வடக்கில் பரவிய தோல்கட்டி நோய்க்கும் தடுப்பூசியை எப்போது போடுகிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

பக்கத்து வீடு

வீட்டில் மாடு வளர்ப்பது குற்றமென்று அவர்கள் சொல்வது சரியில்லை. ஆனால் மணமும் இலையானும் நுளம்பும் அயலுக்குத் தொல்லையென்றால் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கலாம், திருத்தச் சொல்லலாம், கேட்காவிட்டால் வழக்கும் போடலாம். உங்கள் படத்தில் எருக்கும்பம் அவர்களுடைய வேலியோடு, அவர்கள் கிணற்றுக்கு இருபது முப்பது அடியில் இருக்கிறது. தங்கச்சி, இதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குப் போகும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் எருவிலும் பசளையிலும் இருந்து இறங்கும் நைத்திரேற்று ஏற்கெனவே கூடுதல், குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. அந்தக் கிணறும் உங்கள் கிணறும் அடியில் ஒரே தண்ணீர்தான். இரண்டு கிணற்றுக்கும் ஐம்பது அடிக்குக் குறையாமல் தள்ளி, அடியில் சீமெந்து போட்டு மேலே கூரை வைத்த குழியில் எருவைப் போடுங்கள், சருகும் சாம்பலும் இடையிடையே தூவினால் மணமும் குறையும், எருவும் நல்லாகும். மூத்திரத்தை வாய்க்காலில் புல்லுப் பாத்திக்கு விடுங்கள். இடம் மாற்றும் நாளில் படலைவரை போய் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பரிசோதகர் வந்து சொல்லிச் செய்வதைவிட அது நல்லது.

தயிரும் நெய்யும் போட்டு விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். யோசனை நல்லது, நாகு கன்று போட்ட பிறகு தொடங்கலாம். அப்போது பிரதேச சபையில் வியாபார அனுமதிக்கும் போகவேண்டும், இதே சுகாதாரப் பரிசோதகர்தான் வந்து பார்ப்பார் என்பதையும் மனதில் வையுங்கள். மடியழற்சிக்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலை வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம், சங்கத்துக்கும்தான்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது இரண்டே இரண்டு: தரகருக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாட்டைச் சினைப் பரிசோதனைக்குப் பதியுங்கள். பார்த்துவிட்டு வைத்தியர் என்ன சொன்னார், கசிவு என்ன நிறம், கடைசியாக எந்தத் திகதியில் கத்தியது என்பதை எழுதி அனுப்புங்கள். வெறும்மாடு என்றால் அதை வைத்திருப்பதா, பால் வற்றவிட்டுக் கொழுக்கவைத்து மீண்டும் முயல்வதா என்று அப்போது பேசலாம்.